வெறும் டிஸ்க்

உறை பிரிக்காமல் வந்த புது ஹார்ட் டிஸ்க். மூர்த்தி தன் கம்ப்யூட்டர் கடையில் தன் கையாலேயே கிழித்தெடுத்துப் பூட்டியிருந்தான். விண்டோஸ் சீடியைப் போட்டதும் திரையில் வந்தது: இந்த டிஸ்கில் இடமில்லை.

இருந்ததை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினான். கோப்புகள் பாதி ஏறியதும் திரை நீலமாகி நின்றது.

"சரிவருதில்லையா தம்பி?" பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த அன்னப்பூரணி கேட்டாள்.

"புது டிஸ்க் எண்டா கொஞ்சம் இழுக்கும் மாமி."

அவள் தலையாட்டினாள். அவன் என்ன சொன்னாலும் நம்பினாள். அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் மகன் யசிகரனைத் தேற்றாத்தீவு ரோட்டில் வைத்து வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அவள் அவனுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து, "படத்த மட்டும் எடுத்துத் தாங்க" என்றாள். பழைய டிஸ்க் ஒரு பிழையுமில்லாமல் திறந்தது. முதல் படத்தில் யசிகரன் சிரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்றவர்களின் தோளில் துவக்கு. கடையை ஆமி சோதிக்க வந்தால்? மூர்த்தி டிஸ்கைக் கழற்றி வாவிக்குள் எறிந்தான். டிஸ்க் எரிந்துபோச்சு என்று அவளிடம் சொன்னான். அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்வீங்க மனே, ஏலுமெண்டா செய்திருப்பீங்கதானே" என்று அழுதாள். அழுது முடித்துப் புதுசு ஒன்று போடச் சொன்னாள். மகன் வந்தால் தேடுவானாம்.

ரேமை மாற்றினான். கேபிளை மாற்றினான். வேறு சீடி போட்டான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே நீலம். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் ஷெல் விழும் சத்தம் அடங்கிய இடைவெளியில், பெட்டிக்குள்ளிருந்து காத்தாடியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொன்று கேட்டது. மூக்கில் தண்ணீர் ஏறியவன் இருமலை அடக்குவதுபோல, நின்று நின்று வந்தது. அதோடு சேறும் பாசியும் கலந்த நாற்றம் மேசையிலிருந்து எழுந்து அவன் தொண்டையில் ஒட்டியது.

"உள்ளுக்க ஆரோ முனகிறாப்போல கிடக்கு."

"காத்தாடி, மாமி."

மீண்டும் பொய். அவனுக்குக் காது சுட்டது. சொல்லிவிடலாம். இப்போதே.

மின்சார வயரைப் பிடுங்கினான்.

காத்தாடி நின்றது. இருமல் நிற்கவில்லை.

திரையில் நீலம் அப்படியே. அதற்குள் ஏதோ வெளுப்பாக அசைந்தது.

அன்னப்பூரணி எழுந்து வந்தாள். பெட்டியில் காதை வைத்தாள். முகம் மலர்ந்தது.

"ஓம் மனே... அம்மாதான்... சொல்லு."

கேட்டாள். நீண்ட நேரம் கேட்டாள். மெல்ல மெல்ல அந்த மலர்ச்சி வடிந்தது. அவள் மூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள். அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பெட்டியின் இடுக்குகளிலிருந்து வாவித் தண்ணீர் வழிந்து அவன் காலை நனைத்தது.

சீடித் தட்டு தானாக வெளியே வந்தது.

அதன் பின்னாலிருந்த இருட்டிலிருந்து நாலு விரல்கள். ஊறிச் சுருங்கியவை. நகமில்லை.

அவள் அவற்றை உள்ளங்கையில் வாங்கி முத்தமிட்டாள். பிறகு மற்றக் கையை அவன் பக்கம் நீட்டினாள்.

"வாங்க தம்பி," என்றாள் பரிவோடு. "உங்களத்தான் கூப்பிர்றான்."