மறுக்க முடியாத இரை

அன்றைக்கும் எறும்புகளின் இரைத்தட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் செத்த எறும்புகள் குவிந்து கிடந்தன.

நன்முகை குனிந்து முகர்ந்து பார்த்தாள். மருந்து வாடை எதுவும் இல்லை. இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். எறும்பு வளர்ப்பது அவள். எறும்பைக் கண்டாலே ஆகாதது அம்மாவுக்கு.

"ம்மா, நிஜத்தைச் சொல்லு. தட்டுல ஏதாச்சும் தெளிச்சியா?"

சுகுணா சோபாவில் உட்கார்ந்து மடிக்குட்டி என்ற அந்த மின்பொம்மையைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஏங்கண்ணு, எனக்கு வேற வேலையில்லையா? மொதல்ல உன்ற அலமாரியைத் தொறந்து காட்டு. கரப்பான் டப்பா ஒளிச்சு வெச்சிருக்கியோ என்னமோ. அதுதான் நோவைக் கொண்டாந்திருக்கும்."

பழைய சண்டையின் மிச்சம் அது. கட்டெறும்பின் குஞ்சு வளரப் புரதம் வேண்டும். அதற்கு உயிருள்ள பூச்சி வேண்டும். கரப்பான்களைப் பெட்டியில் வளர்த்து, காலை ஒடித்துத் தட்டில் போடுவதுதான் எறும்பு வளர்ப்போர் வழக்கம். சுகுணாவோ சுத்த சைவம். முட்டை ஓடுகூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. "என்ற வூட்டுக்குள்ள கொலைக்களமா?" என்று நாள்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் இரைவார்ப்பி வந்தது.

இட்லிப் பானை அளவுள்ள கருவி. பயற்று மாவைப் பிசைந்து சின்னச் சின்ன வெள்ளைப் புழுக்களாக வார்க்கும். உள்ளே வைத்த மெல்லிய இழை ஈரம் பட்டதும் சுருங்கி விரியும், மாவு துடிக்கும். ஆனால் அதன் கெட்டிக்காரத்தனம் எல்லாம் வாசனையில்தான். எறும்பு மோந்துவிட்டு விலகிப் போனால் கருவியின் கண் அதைக் கவனித்துக்கொள்ளும். அடுத்த வார்ப்பில் மணத்தைக் கொஞ்சம் மாற்றும். மறுபடி விலகினால் மறுபடி மாற்றும். எறும்பு தூக்கிக்கொண்டு போகும்வரை விடாது. 'மறுக்க மனம் வராது' என்பது அதைத் தயாரித்த இணக்கம் நிறுவனத்தின் விளம்பரம்.

மனம் வரவில்லைதான். சில நாளிலேயே, இரையை வைத்த கையோடு தட்டு காலியாகத் தொடங்கியது. விருந்தாளியின் வயிறு நிறைந்ததா என்பதைப் பந்தி இலையைப் பார்த்தே முடிவு செய்யும் குடும்பம் அது. "தட்டு காலி. அப்பறம் என்ன கண்ணு?" என்றாள் சுகுணா. நன்முகையும் அப்படியே நம்பிவிட்டாள். எல்லாச் சத்தும் இரையிலேயே இருப்பதாகக் கருவி சொன்னதால் சர்க்கரைத் தண்ணீரையும் நிறுத்தினாள். கூட்டின் மேல் இருந்த சிவப்பு மூடியை எடுத்தால் எறும்புகள் மிரளும் என்று உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை.

இப்போது எடுத்தாள்.

குஞ்சறை முழுவதும் பயற்றுப் புழுக்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை. வேலைக்கார எறும்புகள் அவற்றைச் சுற்றி நின்று நக்கித் துடைத்துக்கொண்டிருந்தன. ஒட்டிப்போன வயிற்றில் மிச்சமிருந்த சொட்டையும் கக்கி, வாயே இல்லாத மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. சொந்தக் குஞ்சுகள் மூலையில் காய்ந்து கிடந்தன. அரசியின் பக்கம் ஒரு எறும்பும் இல்லை. அதன் உணர்கொம்பு மட்டும் லேசாக அசைந்தது.

நன்முகைக்கு இப்போது புரிந்தது. அம்மா எதையும் தெளிக்கவில்லை. இரையின் மணத்தை எறும்பு சில சமயம் மறுக்கும். குஞ்சின் மணத்தை மறுக்கவே மறுக்காது. மாற்றி மாற்றித் தேடிய கருவி கடைசியில் அந்த மணத்தில் போய் நின்றிருக்கிறது. தட்டு காலியானால் அதற்குப் போதும்.

சுகுணாவும் வந்து எட்டிப் பார்த்தாள். "அடப் பாவமே! மாவுன்னுகூடவா தெரியல இதுகளுக்கு? பெத்ததைப் பட்டினி போட்டுட்டு..."

சொல்லிக்கொண்டே அவள் கை மடிக்குட்டியை நெஞ்சோடு அணைத்தது. அதன் காதோரம் இணக்கம் முத்திரை இருந்ததை நன்முகை அப்போதுதான் கவனித்தாள். வாங்கிய புதிதில் அது பூனைபோலக் கத்தியது. அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு நாய்க்குட்டியாகக் குரைத்தது. இப்போதெல்லாம் கைக்குழந்தைபோலச் சிணுங்குகிறது.

"ம்மா, நான் காலேஜ்லருந்து வந்து எவ்வளவு நேரமாச்சு? சாப்ட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"இரு கண்ணு, இது சிணுங்குது பாரு."

"அதை நிறுத்தும்மா. அதுவும் அந்த மாவுப் புழுவும் ஒண்ணுதான்."

சுகுணா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பொறாமை," என்று சொல்லிவிட்டுக் குட்டியைச் சோபாவில் போர்த்திப் படுக்கவைத்து, துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

நன்முகை சமையலறைக்கு ஓடிச் சர்க்கரையைக் கரைத்துச் சொட்டுக்குழாயில் நிரப்பினாள். அரசி பிழைத்தால் கூடு பிழைக்கும். ஒரு சொட்டு போதும், ஆனால் உடனே வேண்டும். கூடத்தைக் கடக்கும்போது மடிக்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. அம்மா வருவதற்குள் இதை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. அடிவயிற்று ரோமத்துக்குள் பொத்தானைத் தேடினாள்.

அது பூனையாகக் குறுகுறுத்தது. அவள் விடவில்லை. கைக்குழந்தையாகச் சிணுங்கியது. பொத்தான் விரலில் தட்டுப்பட்டுவிட்டது.

"அக்கா," என்றது.

அவளுக்குத் தம்பியும் இல்லை, தங்கையும் இல்லை. சின்ன வயதில் ஒரு தங்கச்சி வேண்டும் என்று இதே கூடத்தில் உருண்டு புரண்டு அழுதிருக்கிறாள். இது என்ன செய்கிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. மணத்தை மாற்றிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

"சும்மா இரு," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவு இறங்கியிருந்தது.

அது அவள் விரலைப் பற்றிக்கொண்டது. ஒரு நிமிஷம்தான் என்று சொல்லிக்கொண்டு, சொட்டுக்குழாயை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சுகுணா துணிமூட்டையோடு இறங்கி வந்தாள். மடி காலியாக இருந்ததாலோ என்னவோ, மகளின் நினைப்பு வந்துவிட்டது. "ஏங்கண்ணு, நீ இன்னும் சாப்பிடலையே? தோசை ஊத்தட்டுமா?"

"ஸ்ஸ்! மெதுவாப் பேசும்மா. இப்பத்தான் தூங்குது."

மேஜைமேல் சொட்டுக்குழாயின் முனையில் சர்க்கரை காய்ந்து வெள்ளையாகியிருந்தது.