ஐந்து சென்டிமீட்டர் கருங்கல்

இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிய பிறகும் அந்தத் தட்டல் நிற்க இரண்டு விநாடி ஆனது.

அவள் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மத்தியான வீடு. ஃபிரிட்ஜின் முனகல், வெயிலில் சூடேறிய மர அலமாரியின் வாசனை, தெருவில் எங்கோ பின்னால் எடுக்கும் லாரியின் கீச்சொலி. வேறொன்றும் இல்லை.

தட்டில் இருந்தது அக்காவின் குரல். போன வருடம் இறந்துபோன அக்கா, அதற்கு முன் தங்கையின் பிறந்தநாளுக்கென்று பேசிப் பதிந்து, வெட்டிக் கொடுத்த ஒரே இசைத்தட்டு. தட்டின் மேல் மென்மையான பூச்சு. ஒவ்வொரு முறையும் ஊசி கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். கேட்டுக் கேட்டே அவள் அதைப் பாதி தேய்த்துவிட்டாள். இன்னும் ஒரு தடவை தாங்கலாம். அந்த ஒரு தடவையில் கணினியில் சுத்தமாகப் பதிந்துவிட வேண்டும். ஆனால் குரலுக்கு அடியில் இந்தத் தட்டல். இரண்டு, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு.

சுழலாத வேறொரு தட்டின் மேல் ஊசியை வைத்துப் பார்த்தாள். அதிலும் வந்தது. அப்படியானால் தரை அதிர்வு. அதற்கு மருந்து கனம்: பிளேயருக்கு அடியில் ஒரு கனத்த கல்.

கல் அறுக்கும் கடைக்காரர் ஐந்து சென்டிமீட்டர் கனம் என்ற அளவைக் கேட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட்டு கேக்கவா? கல்லறைக்குக்கூட யாரும் இவ்ளோ கனமா கேக்கறதில்லம்மா."

மறுநாள் அவரும் இன்னொருவரும் மூச்சுவாங்கச் சுமந்து வந்து அலமாரியின் மேல் கல்லை இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் அதன் மேல் பிளேயரை வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். தரையில் தொம்மென்று குதித்தாள். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினாள். ஊசியை இறக்கினாள்.

"எலி, கேக்குதா?"

அக்கா அவளுக்கு வைத்த செல்லப்பெயர். இத்தனை கிட்டத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. உதடு பிரியும் ஓசைகூடத் துல்லியமாக இருந்தது. கண்ணீர் தாடைக்கு இறங்கியது, துடைக்கவில்லை. அடுத்து அக்கா சிரிப்பாள், தங்கையின் குளியலறைப் பாட்டைக் கிண்டல் செய்வாள். வரிக்கு வரி மனப்பாடம்.

சிரிப்பு வரவில்லை.

ஒரு மூச்சு வந்தது. இழுத்து, பாதியில் சிக்கி நின்ற மூச்சு.

"எலி... கல்லை எடுடி."

டம்ளரில் தண்ணீர் வளையமிட்டது. இரண்டு. இடைவெளி. இரண்டு. அவள் வெறுங்காலோடு நின்றாள். பாதத்துக்கடியில் தரை சலனமின்றிக் கிடந்தது.

தட்டல் கல்லுக்கும் அலமாரிக்கும் நடுவிலிருந்து வந்தது. ஒரு தாள்கூட நுழையாத இடம்.

ஊசி முனையில் கறுப்பு நூலாகப் பூச்சு உரிந்து சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது நிறுத்தினால் மறுபடி கிடையாது. ஒரு சொல்கூடக் கிடையாது.

"கனமா இருக்குடி."

கல்லின் விளிம்பில் ஒரு விரல் நுனி தெரிந்தது. நீலம் பாரித்த நகம். பிறகு இன்னொன்று. பிறகு நான்கும்.

கல் அந்தப் பக்கம் மயிரிழை உயர்ந்தது.

உடனே ஹெட்போனில் இரைச்சல் புகுந்தது. குரல் அதில் முங்கியது.

"வேண்டாம்," என்றாள்.

இரண்டு கைகளையும் விளிம்பில் ஊன்றினாள். உடல் எடை முழுவதையும் இறக்கினாள். எலும்பு நெரியும் சத்தம்.

இரைச்சல் அடங்கியது. குரல் தெளிந்தது.

"எலி... மூச்சு முட்டுது..."

தட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் பத்து விநாடி.

விரல்கள் பின்வாங்கவில்லை. மெதுவாக மேல்நோக்கி மடங்கின. பழகிய கைபோல அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன.

அவள் இன்னும் அழுத்தினாள்.