முகவெட்டு

அந்தச் சிப்பாயின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. பிசிறுதான் என்று நினைத்து அரத்தை எடுத்தவன், தேய்ப்பதற்கு முன் பழக்கதோஷத்தில் ஒருமுறை நகத்தால் வருடிப் பார்த்தான். யாரோ பார்த்துப் பார்த்துக் கீறிய வெட்டு அது.

பார்வை போனபின் அக்கா அவனைத் தன் வீட்டோடு சேர்த்துக்கொண்டு கொடுத்த வேலை இது. பழங்காலப் போர்களை மேசைமேல் நடத்தி விளையாடுகிறவர்களுக்காகக் கட்டைவிரல் உயரச் சிப்பாய்களைச் செய்து விற்கும் ஒரு கம்பெனிக்கு, மூலப் பொம்மைகளை, களிமண் போலக் குழைந்து பிறகு இறுகும் புட்டிப் பசையில் பிசைந்து ஊசியால் செதுக்கித் தருபவள் அக்கா. அவற்றை அச்செடுத்து ஈயத்தில் வார்த்து அவர்கள் அனுப்பும் மாதிரிகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை அராவி எடுப்பது அவன் பாடு. ஈட்டிக்காரன், முரசடிப்பவன், குதிரையிலிருந்து சரிபவன் என்று எல்லாரையும் அவன் விரல்நுனிக்கு ஆள் தெரியும்.

இந்த முறை வந்திருப்பது தோற்று ஓடும் படை. அந்தச் சிப்பாயை மறுபடியும் தடவினான். ஒரு பக்கமாகக் கோணிய மூக்கு, நடுவில் குழி விழுந்த மோவாய். கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்தான். அதே மூக்கு. அதே குழி. புருவத்திலும் அதே வெட்டு.

விளையாட்டுக்குச் செய்திருப்பாள் என்று சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தான். அதுவும் அவன்தான், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடுமாறிக்கொண்டிருந்தான். அதற்கடுத்தது, தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நாளாகவே அந்த வீடு அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை. நாற்காலி வைத்த இடத்தில் இருப்பதில்லை. குளியலறைக்குப் போகும் வழியில், முந்தின நாள்வரை வெறுந்தரையாக இருந்த இடத்தில், ஒரு முக்காலி முளைத்து முழங்காலைப் பதம் பார்க்கும். கடைக்குப் போகிறேன் என்று அக்கா கதவைச் சாத்திய ஒரு மத்தியானம், குழாய் சொட்டுவதற்கும் திரைச்சீலை உரசுவதற்கும் அடியில் யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவது கேட்டது. புட்டியின் கசந்த வாடை நெருங்கி வந்தது. ஈரமாக ஏதோ பிடரியைத் தொட்டது. அவன் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு அலறினான். சாயங்காலம் திரும்பிவந்த அக்காவிடம் சொன்னபோது அவள் கலகலவென்று சிரித்தாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்டா தம்பி. உனக்குத்தான் எல்லாமே இருண்டுபோச்சே!"

தோள்கள் காதுவரை ஏறியது அந்த மத்தியானம்தான். அதை அவன் யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை.

பக்கத்து அறையில் போன் அடித்தது. கையெல்லாம் புட்டியாக இருப்பதால் அக்கா ஸ்பீக்கரில்தான் பேசுவாள். கம்பெனி மேனேஜரின் உற்சாகக் குரல் கேட்டது.

"மாதிரி பாத்த கடைக்காரங்க அத்தனை பேரும் ஆர்டர் குடுத்துட்டாங்க மேடம். அந்த ஒரு முகம் இருக்கே, பாத்தாலே வயித்தைக் கலக்குது. அடுத்து செத்துக் கிடக்கிறவங்க செட்டு. அதுலயும் அதே ஆள் வேணுமாம்."

"தர்றேன். அவசரப்படுத்தாதீங்க. சும்மா நெனச்சுப் பண்ணா எனக்கு முகம் வராது. கண்ணால பாத்தாதான் வரும்."

"யாரைப் பாத்துப் பண்றீங்க?"

"வீட்டுலயே ஒருத்தன் தண்டமா உக்காந்திருக்கான்."

இருவரும் சிரித்தார்கள்.

அவன் எழுந்தான். செருப்பைத் தேடவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான். கூடம். அலமாரி. வாசல். தாழ்ப்பாள் கைக்கு அகப்பட்டது. இழுத்தான். வந்தது. கதவு வரவில்லை. மேலே தடவினான். ஒரு பூட்டு. சில்லென்று. புதிது.

பேச்சுச் சத்தம் எப்போது நின்றது?

தரையில் வயர் இழுபடும் ஓசை. ஏதோ கனமாக அருகில் வைக்கப்பட்டது.

"எங்கடா கிளம்பிட்ட?"

பின்னால்தான். கைக்கெட்டும் தூரத்தில்.

"சும்மா... காத்து வாங்கலாம்னுக்கா."

"போலாம், போலாம். அதுக்கு முன்னாடி இதைப் பாத்துச் சொல்லு. உன் கை சொன்னா சரியா இருக்கும்."

அவன் உள்ளங்கையை விரித்து எதையோ வைத்தாள். இன்னும் இறுகாத புட்டி. மல்லாந்து கிடக்கும் ஒருவன். மடங்கிய கால். வெறும் பாதம். வளைந்த சுண்டுவிரல். அவனுடைய சுண்டுவிரல். விரல் மேலே நகர்ந்தது. நெஞ்சு. கழுத்து. அதற்கு மேல் முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

"முகம் மட்டும்தான் பாக்கி," என்றாள் அக்கா, வாஞ்சையாக.

ஸ்விட்ச் சொடுக்கியது. விளக்கின் சூடு அவன் கன்னத்தில் விழுந்தது. பிசுபிசுத்த ஒரு கட்டைவிரல் அவன் கீழுதட்டை மெல்ல இழுத்து வாயைத் திறந்துவைத்தது. இன்னொரு கை கழுத்தில் இடம் பார்த்துக்கொண்டிருந்தது.