திருப்பித் தராத குரல்

அன்று மதியம் வடக்கு மூலை பதில் சொல்லவில்லை.

குரல் பயிற்சி அறைக்கு ஜன்னல் கிடையாது. நாடகத் துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில், சுவர் முழுக்கக் கறுப்புத் துணி தொங்க, எப்போதும் ஈரச் செருப்பும் பழைய அரிதாரமும் கலந்த ஒரு வாடையோடு கிடக்கும் அறை அது. வடக்கு மூலைக்கு மட்டும் துணி பற்றாமல் போய் வெறும் சுவராக விட்டுவிட்டார்கள். அந்தச் சுவரைப் பார்த்து "ஆ" என்றால், ஒரு நொடி யோசித்துவிட்டு அது மெலிதாக "ஆ" என்று திருப்பித் தரும். வகுப்பு தொடங்கும் முன் அந்த மூலையை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பது சங்கு மேடத்தின் வழக்கம்.

சங்கு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மைக் இல்லாமலேயே அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்பதால் என்று நேரில் சொல்வார்கள். பரீட்சையில் கோட்டை விட்டவன் "எனக்கும் சங்கு ஊதிட்டாங்கடா" என்று புலம்ப வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. அவளுக்கு அது தெரியும், தெரிந்தும் உள்ளுக்குள் ரசித்துக்கொள்வாள்.

"ஆ" என்றாள். மின்விசிறி கிறீச்சிட்டது. வேறு எதுவும் திரும்பி வரவில்லை. இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்த்து மறுபடி கூப்பிட்டாள். குரல் போனது, சுவரைத் தொட்டதா என்றே தெரியவில்லை.

தொண்டை கட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மனசு போய் நின்ற இடம் நேற்றைய மாலை.

நேற்றுத்தான் அந்த விருந்தாளி நடிகை வந்திருந்தாள். ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வசனமில்லாத நடிப்பைச் சொல்லித்தர அழைக்கப்பட்டவள். நெடுநெடுவென்று உயரம், அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத் துண்டு. அவளுக்குக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும், சைக்கிள் டியூபிலிருந்து வருகிற மாதிரி. "இவங்க பேச மாட்டாங்க. பேச வேண்டிய அவசியமும் இவங்களுக்கு இல்ல," என்று துறைத்தலைவி அறிமுகப்படுத்தினாள்.

துறைத்தலைவியைச் சங்கு மேடம் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறக்காத குறைதான். புருஷன் விட்டுவிட்டுப் போனபோது தோள் கொடுத்தவள். மகள் குட்டி பிறந்து, குழந்தைக்குக் கண் தெரியாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவில் இவளை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள். மேடையில் அக்காவின் குரல் கேட்டால் கல்லும் கரையும் என்பார்கள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே, உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து 'முன்னால் பின்னால்' செய்ய வேண்டும். முன்னால் நிற்பவர் உதட்டையும் கையையும் மட்டும் அசைப்பார். அவர் முதுகோடு ஒட்டிப் பின்னால் நிற்பவர் பேசுவார். நன்றாகச் செய்தால், பேசுவது முன்னால் நிற்பவரேதான் என்று பார்ப்பவன் சத்தியம் செய்வான். முடிந்ததும் முன்னால் நின்றவர் திரும்பி, பின்னால் நின்றவரின் தொண்டையில் உள்ளங்கையை வைக்க, இருவரும் ஒரே மூச்சு தீரும் வரை சேர்ந்து முனக வேண்டும். அதற்குப் பெயர் திருப்பிக் கொடுத்தல்.

அது விஷயத்தில் அக்கா மகா பிடிவாதக்காரி. பசிக்கிறது என்று அதைச் செய்யாமல் ஓடிய ஒரு பையனை, கேன்டீனில் எச்சில் கையோடு பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். இவளும் சேர்ந்துதான் சிரித்திருக்கிறாள்.

நேற்று ஒத்திகை அறையில், "நீயே பின்னால நில்லுடி. உன் குரலுக்கு ஈடு யாரு இருக்கா?" என்றாள் அக்கா.

"என்ன பேசட்டும்?"

"வசனம் எல்லாம் வேணாம். வீட்டுக்குப் போனதும் குட்டிகிட்ட எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசு. இயல்பா இருக்கும்."

அவளும் பேசினாள். "அம்மா வந்துட்டேன் கண்ணு. கதவைத் திற. இன்னைக்கு என்ன பண்ணின? சாப்பிட்டியா?" பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதிரே சுவரில் இருந்த கண்ணாடியில் விருந்தாளியின் உதடுகள் தெரிந்தன. கச்சிதமாக அசைந்தன. கச்சிதம் என்றுகூடச் சொல்ல முடியாது. இவள் ஒரு சொல்லை நினைக்கும்போதே அந்த உதடுகள் அதற்குக் குவிந்துவிட்டன.

விருந்தாளி திரும்புவதற்குள் அக்கா கைதட்டிவிட்டாள். "போதும் போதும், டீ ஆறிடப்போகுது, வாங்க எல்லாரும்." விளக்கெல்லாம் போட்டார்கள். பிள்ளைகள் கலைந்தார்கள். திருப்பிக் கொடுத்தல் நடக்கவில்லை. அக்கா மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நேற்று இவள் நினைத்தாள். அக்கா அதை ஒருநாளும் மறந்ததில்லை என்பது இன்றுதான், பதில் சொல்லாத மூலையின் முன்னால் நிற்கும்போதுதான், உறைத்தது.

வகுப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சொல்லும் வாயிலிருந்து வெளியே வரும்போதே இளைத்துக்கொண்டு வந்தது. வெந்நீர் குடித்தும் பிரயோசனம் இல்லை. மாடிப்படி ஏறும்போது ஒத்திகை அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மூச்சை நெஞ்சுல நிறுத்தாதீங்கப்பா. அடிவயித்துக்கு இறக்குங்க. அவசரம் என்ன, ரயிலா பிடிக்கப்போறோம்?"

அவளுடைய குரல். அவளுடைய நகைச்சுவை. 'ரயிலா'வில் வருகிற அந்தச் சின்ன இழுப்புகூட அவளுடையதுதான்.

கதவைத் தள்ளினாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் விருந்தாளி. இவளைக் கண்டதும் ஓவென்று கத்தினார்கள். "மேடம், மிமிக்ரின்னா இதுதான்! கண்ணை மூடினா நீங்களேதான்!" விருந்தாளி இவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். கழுத்தில் துண்டு இல்லை.

விளையாட்டுத்தான் என்று காட்டிக்கொள்ள இவளும் சிரித்தாள். வாய் திறந்தது, தோள் குலுங்கியது. சிரிப்பில் சத்தமே இல்லை. டியூபிலிருந்து போகிற காற்றுப் போல ஏதோ ஒன்று உதட்டைத் தாண்டிப் போனது.

நேரே அக்காவின் அறைக்கு ஓடினாள்.

அக்கா தன் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். திரைச்சீலை வழியாக மாலை வெயில் மேஜை மேல் விழுந்து கிடந்தது. இவள் மிச்சமிருந்த குரலை எல்லாம் திரட்டிக் கிசுகிசுத்தாள்.

"அக்கா... நேத்து திருப்பிக் கொடுக்கலையே. அவளைக் கூப்பிடுங்க. இப்பவே செஞ்சிடலாம்."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "உட்காருடி."

"கூப்பிடுங்கக்கா."

"அவளும் நானும் ஒரே குழுவுல இருந்தோம்," என்றாள் அக்கா, அந்த அழகான குரலில். "உனக்கு முன்னாடி, ரொம்ப முன்னாடி. நான் முன்னால நின்னேன். அவ பின்னால. அன்னைக்குக் கைதட்டல் நிக்கவே இல்ல. ஒரு ஆசை. நான் திரும்பல. அப்படியே மேடையை விட்டு இறங்கிட்டேன்."

திரைச்சீலை அசைந்தது. வெளியே எங்கோ ஒரு ஆட்டோ கிளம்பிப் போகிற சத்தம்.

"இந்தக் குரல் என்னுது இல்லடி. இதை வச்சுத்தான் வேலை, பேரு, இந்த நாற்காலி எல்லாம். இத்தனை வருஷம் கழிச்சு வந்து நிக்கிறா. குடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு? அப்புறம் அவளே சொன்னா, இதுதான் வேணும்னு இல்ல, நல்ல குரலா ஒண்ணு இருந்தா போதும்னு."

நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே பாவி! ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வந்தது. தலையைக் கோதிய அந்தக் கை. அதே கைதான் நேற்றுத் தட்டியது. கத்தினாள். தன் பலம் முழுவதையும் கூட்டிக் கத்தினாள். மேஜை மேலிருந்த காகிதம் ஒன்று லேசாகப் படபடத்தது. அவ்வளவுதான்.

"குரல் மட்டும் போதாதாம்," என்றாள் அக்கா. இப்போது அழுதுகொண்டிருந்தாள். அழுகைகூடக் கேட்க இதமாக இருந்தது. "அதை நம்புறதுக்கு ஒரு காது வேணுமாம். முகத்தைப் பார்க்காத காது. உன் வீடு எங்கன்னு கேட்டா. சொல்லிட்டேன்டி. மன்னிச்சுடு."

குட்டி.

பள்ளி வேன் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரி குட்டியைக் கொண்டுவந்து வீட்டுக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். குட்டி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருப்பாள், அம்மா வரும் வரை. அதற்கு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது இவளேதான். 'மணி அடிச்சாலும் திறக்காத. பேரைச் சொன்னாலும் திறக்காத. அம்மா குரல் கேட்டா மட்டும் திற.' குட்டி சும்மா விடுகிற ஜாதி இல்லை. "உன் குரலை யாராவது திருடிட்டு வந்துட்டா?" என்று கேட்டாள் ஒருநாள். "சங்கையெல்லாம் திருட முடியாதுடி" என்று இவள் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

படியிறங்கி ஓடினாள். ஓடிக்கொண்டே வீட்டுக்கு அடித்தாள்.

"ஹலோ? யாரு?" குட்டி. "ஹலோ? மூச்சு மட்டும் கேக்குது. யாருங்க?"

நான்தான் கண்ணு. நான்தான். காற்று. வெறும் காற்று.

"பேசாதவங்ககிட்ட பேசக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க," என்று பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்குச் செய்தி தட்டினாள். அவசரத்தில் எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது. செய்தி பார்க்கப்படாமலேயே கிடந்தது. கிடைத்த ஆட்டோவில் ஏறி, எங்கே என்று கேட்ட டிரைவருக்குக் கையைக் கையைக் காட்டினாள். "வாயைத் திறந்து சொல்லும்மா" என்று எரிந்து விழுந்தான். சிக்னலில் நின்றது. மறுபடி நின்றது. எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. உலகத்தில் எல்லாவற்றுக்கும் சத்தம் இருந்தது.

அவள் வீட்டு மாடி நடையில் விளக்கு இன்னும் போடவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. வாசலில் குட்டியின் சின்னச் செருப்பு. பக்கத்தில், ஒழுங்காகச் சேர்த்து வைத்த ஒரு ஜோடி நீளமான செருப்பு.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

"அம்மா, யாரோ கதவைத் தட்டுறாங்க." குட்டியின் குரல்.

"தட்டட்டும் கண்ணு." அவளுடைய குரல். நிதானமாக, வீட்டுக்கென்று வைத்திருக்கும் குரல். "யாரோ வீடு மாறி வந்திருப்பாங்க. நீ சாப்பிடு."

நடை ஓரம் ஹால் ஜன்னல். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தைப் பதித்தாள். உள்ளே விளக்கு இல்லை. குட்டிக்கு விளக்குத் தேவைப்பட்டதில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள் குட்டி. மடியில் தட்டு. அவளுக்குப் பின்னால், முதுகோடு ஒட்டி, நெடுநெடுவென்று அந்த உருவம். நீளமான விரல்கள் குட்டியின் தலைமுடியைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தன.

"அம்மா, உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"இனிமே இப்படித்தான் இருக்கும் கண்ணு."

"போம்மா, கூசுது," என்று குட்டி சிரித்தாள்.

மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினாள். விரிசல் விட்டது. குட்டியின் தலை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பியது. மூக்கு லேசாகச் சுருங்கியது, ஏதோ பழகிய வாசனை காற்றில் வந்த மாதிரி. மெல்ல எழப் பார்த்தாள்.

"அம்மா... ஜன்னல்கிட்ட யாரு?"

எழுந்து வா. கண்ணு, எழுந்து வா.

குட்டியின் தோள் மேல் அந்தக் கை இறங்கியது. விருந்தாளி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். உதடுகளை இறுக மூடியிருந்தாள். அவை அசையவே இல்லை.

குரல் மட்டும் வந்தது.

"யாரும் இல்ல கண்ணு. பயப்படாத."

விரிசல் விட்ட கண்ணாடியில் அவளுக்குத் தன் முகம் தெரிந்தது. அதில் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பல்லைக் கடித்துப் பார்த்தாள். கையால் பொத்தினாள். கைக்குக் கீழேயும் அவை அசைந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் கச்சிதமாகக் குவிந்து, விரிந்து, ஒரு இம்மிகூடப் பிந்தாமல்.

"அம்மா உன்கூடத்தானே இருக்கேன்."