இருபத்தாறு நாள்

"என்ற பையனைப் பட்டினி போட்டே கொன்னுருவியாடி நீ!"

விடிந்ததும் விடியாததுமாக வாசலிலேயே மறித்துக்கொண்டாள் சாமியாத்தாள். ஆஸ்பத்திரிக்குத் துவைத்த துணி எடுத்துப்போக வந்த மருமகள் நதியா, ஒதுங்கி உள்ளே போய்த் துணிப்பையை எடுத்தாள்.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான வேல்குமாருக்குக் குடலில் அடைப்பு. முந்தாநாள் ஆபரேஷன். குடல் தேறும்வரை நரம்பு வழியாகத்தான் சத்து ஏற்ற வேண்டும் என்ற டாக்டர் ஆஃப்ரின், "முன்னாடி ஒழுங்காச் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"நல்லாத் தின்னுட்டுத்தானுங்க இருந்தான்!" என்று முந்திக்கொண்டாள் தாய்.

'அம்மாளுக்குத் தெரியக்கூடாது. கம்பெனி ஷிப்மென்ட் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி போலாம்' என்று கணவன் நதியாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அவன் எடுத்த வாந்தியையெல்லாம் யாருக்கும் தெரியாமல் கழுவிவிட்டவள் அவள்தான். ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க டாக்டர்… இருபத்தாறு நாளா ரெண்டு வாய் மோருக்கு மேல எதுவுமே தங்கலைங்க."

அன்றிலிருந்துதான் இந்தப் புயல்.

"நீ சொன்ன பொய்யாலதான் சொட்டுச் சொட்டா உடறாங்க! பக்கத்துப் பெட்டுக்காரனுக்கு மளமளன்னு இறங்குது!" ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை புலம்பல் ஓயவில்லை.

கட்டிலருகே டாக்டர் நின்றிருந்தார். சாமியாத்தாள் அவரிடமும் அதையே கேட்டு அழுதாள்.

"அம்மா, ரொம்ப நாள் காஞ்ச உடம்புக்கு ஒரேயடியா சத்தை ஏத்தினா, ரத்தத்துல இருக்கற தாது உப்பெல்லாம் சட்டுனு குறைஞ்சிடும். இதயமே நின்னுடலாம். அதான் முதல்ல வைட்டமின் ஊசி போட்டு, மெதுவா ஆரம்பிச்சோம். அப்படியும் இன்னிக்கு டெஸ்ட்ல கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஈடுகட்ட மருந்து போகுது. உங்க மருமக உண்மையைச் சொல்லலைன்னா, முதல் நாளே முழு அளவு விட்டிருப்போம்…"

சாமியாத்தாளின் முகம் வெளிறியது. மகன் பக்கம் திரும்பினாள்.

"நான்தானுங்கம்மா… சத்தியம் வாங்கினேன்," என்றான் அவன், ஈனக்குரலில். "அவளைத் திட்டாதீங்க…"

"அய்யோ! உசுரைக் காப்பாத்துனவளையா நான்…" குரல் உடைந்து, மருமகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் முதல் முறை. நதியாவும் அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்தத் தோளில் அழுது தீர்த்தாள்.

தினமும் ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஐந்தாம் நாள் முழு அளவு ஏற்றினார்கள்.

அன்று கேன்டீனிலிருந்து இட்லிப் பொட்டலத்தோடு வந்த சாமியாத்தாள், நதியாவின் கையில் அதைத் திணித்தாள்.

"அவனுக்குத்தான் மெதுவா, அளந்து, பாத்துப் பாத்து… நீ வயிறு முட்டத் தின்னு கண்ணு!"