பிங்க் என்றால் நன்றி

மழைக்கு ஒதுங்கியவன் பேசாமல் ஒதுங்கியிருக்கலாம்... வாளியையா உதைத்துக் கவிழ்ப்பது?

"கண்ணு தெரியலையா சார் உங்களுக்கு?" சீறினாள் உமாதேவி. தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருந்த அந்தச் சின்ன பொக்கே கடையின் தரை முழுக்கத் தண்ணீர். அதில் பிங்க் ரோஜாக்கள் மிதந்தன.

"எனக்குத் தெரியுதுங்க. எங்கம்மாவுக்குத்தான் தெரியலை. இன்னிக்குத்தான் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது."

அவன் மண்டியிட்டு ஒவ்வொரு பூவாகப் பொறுக்கினான். நிமிர்ந்தபோது நெற்றியிலிருந்து வழிந்த மழைநீர் இமையில் வந்து நின்றது... கருகருவென்று என்ன கண்கள் இவனுக்கு! உமாதேவி அவசரமாக வாளியைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பாத்துக்கிட்ட நர்ஸம்மாவுக்குப் பூ குடுக்கணும். எதைக் குடுத்தா தப்பாவாதுங்க?"

அவள் தலைக்கு மேலே தொங்கிய போர்டைக் காட்டினாள். முதலாளி பசவராஜ் பெங்களூரிலிருந்து கொண்டு வந்து மாட்டியது. சிவப்பு காதலுக்கு, மஞ்சள் நட்புக்கு, வெள்ளை மன்னிப்புக்கு, பிங்க் நன்றிக்கு. தொண்ணூற்றாறில் மைசூர் அப்போதுதான் பொக்கே கொடுக்கப் பழகிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள்.

"பிங்க்னா நன்றி. டாக்டர், நர்ஸ், டீச்சர்... யாருக்கு வேணா குடுக்கலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"சிவப்பைக் குடுத்தா?"

"நர்ஸோட வீட்டுக்காரர் தேடி வந்து ஒதைப்பாரு."

சிரித்தான். "என் பேரு வேலாயுதம்ங்க. டயர் ஃபேக்டரில வேலை. ஊரு கொள்ளேகால் பக்கம் மார்டள்ளி. வாளிக்கு மன்னிப்புக் கேட்டு வெள்ளையில ஒண்ணு வாங்கிக்கட்டுங்களா?"

"வேலாயுதம்னு பேரை வெச்சுக்கிட்டு கையில ரோஜாவா?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆளிடம் என்ன வாய் இது!

மறுநாள் சரியாக நாலு மணிக்கு மறுபடி வந்தான். டாக்டருக்கு பிங்க். அதற்கு மறுநாள் ஆயாவுக்கு. அப்புறம் வாட்ச்மேனுக்கு.

"வாட்ச்மேனுக்குமா?"

"கேட்டைத் தொறந்து விட்டாருங்கல்ல..."

மூன்று மணி ஆனாலே உமாதேவிக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. வெட்டிய காம்பையே மறுபடி வெட்டுவாள். சுற்றிய காகிதத்தைப் பிரித்துத் திரும்பச் சுற்றுவாள். வாசலில் ஒரு குடை மடங்கினால் போதும், நெஞ்சு திக்கென்னும். குடைக்குள் வேறு யாராவது இருந்தால் அவர்கள் மேல் எரிச்சலாக வரும். 'உனக்கென்னடி ஆச்சு?' என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

எட்டாம் நாள் அவன் ரிப்பனைத் திருகிக்கொண்டே சொன்னான். "சனிக்கிழமை அம்மாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. கோபிநத்தத்துல ஒரு பொண்ணு இருக்குதாம். போனதும் பூ வெச்சு முடிச்சுடலாம்னு வீட்ல பேச்சு."

பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் தலையில் வைக்கும் பூவுக்கு மறுபேச்சே கிடையாது. உமாதேவிக்கும் அது தெரியும். தர்மபுரியிலிருந்து கொத்து வேலைக்கு வந்த அப்பாவோடு காந்தி நகரில் வளர்ந்தவள்தானே.

"ஓ... நல்லது சார்," என்றாள். ரிப்பனில் விழுந்த முடிச்சை அப்புறம் யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவன் தனியாக வரவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தான். அவன் அம்மா மாதம்மா கண்ணாடியைச் சற்றே தூக்கி உமாதேவியை நிதானமாகப் பார்த்தாள்.

வேலாயுதம் வாளியிலிருந்து ஒரு பிங்க் ரோஜாவை எடுத்து நீட்டினான். "இது உங்களுக்குங்க. இத்தனை நாளா... நன்றிங்க."

நன்றி! அந்த வார்த்தையில் உமாதேவியின் நெஞ்சு துவண்டது. ஆனால் கை தன் பழக்கத்தை விடுமா? கையில் பூ வந்தால் அது போகும் இடம் தலைதான். வாங்கினாள், பின்னலில் செருகிக்கொண்டாள்.

"அட என்ற சாமி!" மாதம்மா கன்னத்தில் கை வைத்தாள். "எம் பையன் கையால வாங்கி, எம் முன்னாலயே தலையில வெச்சுக்கிட்டியே கண்ணு! எங்க பக்கம் இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமல்லோ?"

உள்ளே பசவராஜ் கடகடவென்று சிரித்தார். பூ வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உமாதேவியின் முகம் கொதித்தது. அவள் அவனையே பார்த்தாள். 'சொல்லேன்... ஏதாவது சொல்லித் தொலையேன்!'

அவன் குனிந்த தலை நிமிராமல் சொன்னான். "அம்மா, அது பிங்க்குங்கம்மா. போர்டுல போட்டிருக்குது பாருங்க. சும்மா நன்றிக்குத்தான்."

பளாரென்று அறைந்தது போலிருந்தது அவளுக்கு. பின்னலிலிருந்து பூவை வெடுக்கென்று உருவி மேஜையில் வைத்தாள்.

"ஆமாங்கம்மா. நன்றிக்குத்தான்."

மாதம்மாவின் முகம் சுருங்கிப்போனது. வைத்த பூவை ஒரு பெரியவளின் கண்ணெதிரே உருவிப் போடுவதா? "காத்தால ஏழு மணி பஸ்ஸு கண்ணு, சனிக்கிழமை. நல்லா இரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணி வந்தது. ஐந்தும் வந்தது. மழைதான் வந்து வந்து போனது... அவன் வரவில்லை. மேஜையில் கிடந்த ரோஜாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னானோ? நான்தான் அவசரப்பட்டேனோ? அந்தக் கோபிநத்தத்துப் பெண் எப்படி இருப்பாள்? போர்டை அண்ணாந்து பார்த்தாள். அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை காலை. பஸ் ஸ்டாண்டில் தூறல். கொள்ளேகால் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் மாதம்மா உட்கார்ந்திருக்க, வேலாயுதம் மேலே பையை வைத்துக்கொண்டிருந்தான். நனைந்த தாவணியும் மூச்சிரைப்பும் ஒரு கைநிறைய பிங்க் ரோஜாவுமாக ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள் உமாதேவி.

"அம்மா... அன்னிக்கு நானே வெச்சுக்கிட்டதும் தப்பு. நானே எடுத்துப் போட்டதும் தப்பு. நீங்களே... வெச்சு விடுங்க."

மாதம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இதும் நன்றிக்கா கண்ணு?"

"இல்லைங்கம்மா. உங்க மகன் வராம எனக்கு நாலு மணியே ஆக மாட்டேங்குது."

மேலே பை நழுவி வேலாயுதத்தின் தோளில் விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"நர்ஸம்மாவுக்குக் குடுத்ததோட நன்றியெல்லாம் தீந்துபோச்சுங்க..." என்றான் தட்டுத் தடுமாறி. "கோபிநத்தத்துப் பேச்சைக் கூட, உங்க மொகம் மாறுதான்னு பாக்கத்தான் சொன்னேன். எனக்கு மொத நாள்லருந்தே உங்களைப் பிடிச்சிருக்குதுங்க. அத்தனை பேரு முன்னால உங்களுக்குச் சங்கட்டமாயிருமேன்னுதான் போர்டைக் காட்டினேன்."

"வார்டு பூராப் பூவு!" என்றாள் மாதம்மா. "பக்கத்து பெட்டு மாதப்பன் காதுல சொருவிக்கிட்டுத் திரிஞ்சாரு. தெனமும் இவன் எதுக்கு நனைஞ்சுக்கிட்டு வர்றான்னு கட்டு அவுக்கறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். அதுக்குத்தான் உன்னைப் பாக்க வந்தேன். கோபிநத்தத்துக்கு இன்னும் ஒருத்தரும் போவலை, சொல்லி விட்டுக்கலாம். குனி கண்ணு."

ஜன்னல் வழியாக அவள் கை வெளியே வந்தது. ஒரு ரோஜாவைக் கிள்ளி, தடவித் தடவி உமாதேவியின் பின்னலில் செருகியது.

"ஹத்தீரா, இளீதீரா?" ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார்.

"எறங்கறோம்!" என்றாள் மாதம்மா. "இன்னிக்கே இவங்கப்பனைப் பாத்து மொறையாப் பொண்ணு கேட்டுப்போட்டுத்தான் ஊருக்கு."

பஸ் போய்விட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலாயுதம் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகக் கேட்டான், "இனிமே சிவப்பே வாங்கித் தரட்டுங்களா?"

உமாதேவி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பூ இருந்தது.

"பிங்க்கே போதும்... நன்றின்னு மட்டும் சொல்லாதீங்க."