இன்னும் காய்க்கவில்லை

டப்பாவின் மூடி மூடியபடியே இருந்தது. உள்ளே உளுத்த கட்டை இருந்தது, நேற்றுத் தூவிய ஓட்ஸும் அப்படியே இருந்தது. மஞ்சள் நிறச் சளிப்பூஞ்சையை மட்டும் காணோம்.

ஆராய்ச்சி மாணவி தேவிப்ரியா கட்டிலில் இருந்தபடியே மேசைமேலிருந்த கண்ணாடி டப்பாவை மறுபடி உற்றுப் பார்த்தாள். கல்வராயன் மலைக்காட்டில் பட்டுப்போன மரமொன்றின் மேல் படர்ந்திருந்த அந்தச் சளிப்பூஞ்சையை எட்டிச் சுரண்டப் போய்த்தான் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சியில் முட்டிவரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவளோ மலைமேல் இருந்த வாடகை அறைக்கே திரும்பினாள். காம்பும் தலையுமாக அது காய்த்தால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். தீனி இருக்கும்வரை ஊர்ந்துகொண்டே இருக்கும், தின்ன ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில்தான் காய்க்கும். அதைத் தவறவிட அவளுக்கு மனசு வரவில்லை.

காலையில் அறையைக் கூட்டிக்கொண்டே வீட்டுக்கார ஜெயம்மாள் மூக்கைச் சுளித்திருந்தாள்.

"இன்னாம்மா இது, வூடே இப்படி நாத்தம் அடிக்குது?"

"மழை ஈரம்க்கா."

"தண்ணி பக்கத்துலயே வெச்சிருக்கேன். தியாகதுருகத்துல கல்யாணம், பொழுது சாய வந்துடுறேன்."

ஊன்றுகோலை அவள் கதவோரம் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது, செல்போனில் சிக்னலும் போனது. ஓட்டிலிருந்து ஒழுகும் நீர் வாளியில் சொட்டிக்கொண்டிருக்க, ஜன்னலில் தேங்கிய மங்கல் வெளிச்சத்தில், மூடியின் காற்றுத் துளையில் கிளம்பி, மேசைக்காலில் இறங்கி, சிமெண்டுத் தரையைக் கடந்து, கட்டில்காலில் ஏறி, காய்ந்துபோன நத்தைத் தடம்போல ஒரு கோடு மினுங்குவதைக் கண்டாள். புளித்த மாவும் காட்டு மண்ணும் கலந்த வாடை போர்வைக்குள்ளிருந்து வந்தது.

நேற்று ராத்திரியெல்லாம் கட்டுக்குள் ஒரே அரிப்பு. விடிந்ததும் நின்றுவிட்டது. ஆறுகிறது என்று சந்தோஷப்பட்டாளே, பாவி!

"அக்கா! யாராவது இருக்கீங்களா?"

மழைதான் கேட்டது.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் அசையவில்லை. வலியும் இல்லை. போர்வைக்கு மேலாகவே கணுக்காலருகே மாவுக்கட்டைத் தட்டினாள்.

டொக்.

கொஞ்சம் மேலே தட்டினாள். டொக். காலிப் பானைச் சத்தம்.

ஐயோ. வேண்டாம். வேண்டாம்.

போர்வையை விலக்கினாள்.

விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த காம்புகள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகளவு தலை. காய்த்திருந்தது.

கட்டின் மேல்விளிம்பைத் தாண்டி, தொடைமேல், மஞ்சள் ஈரமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

அங்கே அது இன்னும் காய்க்கவில்லை.